கரிசாலையும் இரண்டு சிஷ்யர்களும்

சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர் மார்க்கமாகப் புறப்படும் ரயில், நகரத்தின் நெரிசலை உதறிவிட்டுச் சற்றுத் தூரம் சென்றதும், மேக்னசைட் ஜங்ஷன் என்ற ஸ்டேஷனைக் கடக்கிறது. ஊரின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ தாங்கி நிற்கும் ஸ்டேஷன்களையே கண்டு பழகிய நமக்கு, ஒரு தாதுப்பொருளின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு நிற்கும் இந்த ஸ்டேஷன் கொஞ்சம் விசித்திரமாகத்தான் படும். அதன் சுற்றுப்புறத்து மேட்டு நிலங்களில், கரும்பாறைகளுக்கு நடுவே வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சீமைச்சுண்ணாம்பை நினைவூட்டிய அந்த வெண்மையைக் கண்டு வெள்ளைக்காரர்கள் இவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள், என்று நாமகரணம் செய்தார்கள். உள்ளூர் ஜனங்களோ எந்தச் சித்தாந்தத்திலும் சிக்கிக்கொள்ளாமல் 'வெள்ளைக்கல்' என்று சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்த்தார்கள்.

இருவரில் ஜாக்கிரதையாகப் பேசியவர் யார் என்பதை ஒரு சொட்டு அமிலம் சொல்லிவிடும். சீமைச்சுண்ணாம்புத் துண்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அந்த இடம் உடனே பொங்கி நுரைக்கிறது. வெள்ளைக்கல்லின்மேல் அதே அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால், ஈரத் தடம் ஒன்று விழுவதைத் தவிர வேறொன்றும் நிகழ்வதில்லை. கல்லை நன்றாகப் பொடித்து, அமிலத்தையும் சூடாக்கி ஊற்றினால்தான் குமிழிகள் மனமிரங்கி எழுகின்றன. இரண்டும் கார்பனேட் உப்புகளே. ஒன்றில் கால்சியம், மற்றதில் மக்னீசியம். அந்த மக்னீசியம் கார்பனேட்டைக் காளவாயிலிட்டு வாட்டிக் கரியமில வாயுவை ஓட்டிவிட்டால் எஞ்சும் மக்னீசியா, சுமார் 2800 பாகை சென்டிகிரேடு வரையில் உருகாமல் தாக்குப்பிடிப்பதால், எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல்லாகிப் போகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு வெண்மைகளை ஒரு சொட்டில் வேறு வேறென்று பிரித்துக் காட்டுகிற இந்தக் காரியத்தைத்தான், வெவ்வேறு உபகரணங்களோடு, ரசாயன சாஸ்திரம் ஆதி முதல் செய்துவருகிறது.

இந்தக் குன்றுகளை அடுத்த கருப்பூரில்தான், 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் அதனோடு சேர்ந்த கல்லூரிகள் பல. இக்காலத்துக் கல்லூரி ஒன்றின் ரசாயனத் துறைக்குள் நுழைகிறவர், ஆய்வுக்கூடத்தின் வாசனையை உணர்வதற்கு முன்னமே, சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடிப் பலகையைக் காண்பார். இன்ன ஆசிரியர் இத்தனை கட்டுரைகள் வெளியிட்டார், இத்தனை பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள், இன்ன மாணவி தரவரிசையில் முதலிடம், இன்னார் 'நெட்' தேர்வில் தேறினார் என்று வரிசையாக எழுதியிருக்கும். அதைப் பரிகாசம் பண்ண எனக்கு மனம் வராது. விசைத்தறிப் பட்டறையிலும் கோழிப் பண்ணையிலும் உழைத்த காசில் படிக்க வந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்கும்போது, அது வெறும் பெயரன்று. ஆனால் அந்தப் பலகையில் ஒரு குறை உண்டு. எழுபது கட்டுரைகள் என்று எண்ணிக்கை போட்டிருக்குமே தவிர, அந்த எழுபதினால் உலகத்துக்கு முன்பு தெரியாத எது தெரியவந்தது என்று போட்டிருக்காது. ஆசிரியரின் சாதனை ஒரு பத்தியிலும் மாணவரின் சாதனை மற்றொரு பத்தியிலுமாக, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கோடு கிழித்தும் இருக்கும்.

கோடு கிழிக்க முடியாத ஒரு சாதனையைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அது நடந்த துறை சேலத்தில் இல்லை. சென்னைக் கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரியில், பிரஸிடென்ஸி காலேஜ் என்று நம் தாத்தாக்கள் பயபக்தியோடு உச்சரித்த இடத்தில், அது தொடங்கியது. ஆயினும் அதன் பிரதான புருஷர்களில் ஒருவர் நம் சேலம்–நாமக்கல் சமவெளியின் தென் எல்லையில் ஓடும் காவிரியின் கரையில் பிறந்தவர். அதன் கதாநாயகி என்று சொல்லத்தக்க செடியோ மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வாய்க்கால் வரப்பில் இன்றைக்கும் முளைத்துக் கிடக்கிறது.

ரசாயனத்தைத் தமிழில் பேசுவதற்குச் சேலத்தாரிடம் யாரும் அநுமதிச் சீட்டு கேட்க முடியாது என்பதையும் நடுவே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1916-இலேயே இந்த ஊரில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என ஒன்றைச் சில நண்பர்களுடன் நிறுவி, அணு முதலிய விஷயங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் அரசியலுக்கும் இடையில் ஒருவர் ரசாயனத்துக்கு நேரம் கண்டுபிடித்த ஊர் இது.

மாநிலக் கல்லூரிக்கு வருவோம். வங்காளத்திலிருந்து வந்து அங்கே ரசாயனப் பேராசிரியராக அமர்ந்த பி. பி. டே, 'கூமரின்' என்ற ஒரு குடும்பத்துப் பொருள்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்; அவற்றை உண்டாக்கும் வினையைப் பற்றி 1915-இலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார். கூமரின் என்பது காய்ந்த புல்லில் எழும் இனிய மணத்துக்குக் காரணமான பொருள். 1868-இல் வில்லியம் பெர்க்கின், செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற அதே பெர்க்கின், இதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். இன்றைக்கும் எம்.எஸ்ஸி. மாணவர்கள் செய்கிற செய்முறைகளுள் ஒரு கூமரின் உண்டு. ரிஸார்சினாலையும் எத்தில் அசிட்டோ அசிட்டேட்டையும் பனிக்கட்டியில் குளிர்ந்த கந்தக அமிலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, கலவையை நொறுக்கிய பனிக்கட்டியின்மேல் கொட்டினால், வெளிறிய ஒரு திண்மம் திரண்டு பிரிகிறது. அதை வடிகட்டி, சிட்டிகையளவு எடுத்துக் காரநீரில் கரைத்து, புறஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள்: சோதனைக்குழாய்க்குள் நிலாவைக் கரைத்து ஊற்றியதுபோல் நீல ஒளி எழும்பும். முதன்முறை அதைக் கண்ட மாணவன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்காமல் இருந்ததை நான் கண்டதில்லை. நானும் அப்படித்தான் செய்தேன், செய்துகாட்டியவரிடம் வசையும் வாங்கினேன்.

கூமரினின் உடலில் ஒரு பூட்டு இருக்கிறது. லாக்டோன் வளையம் என்று அதற்குப் பெயர். காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் பூட்டு திறந்து வளையம் விரிந்து, பொருள் நீரில் கரைந்துபோகும். பிறகு அமிலத்தை விட்டால் பூட்டு மீண்டும் மூடிக்கொண்டு, கரைந்தது திரும்பவும் திண்மமாக விழும். ஒரு புதிய பொருள் இவ்விதம் திறந்து மூடினால், அதனுள் லாக்டோன் இருப்பதாக ரசாயனி சந்தேகிக்கத் தொடங்குவார். இந்தப் பூட்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு மூலிகையில் இதைத் திரும்பவும் காணப்போகிறோம்.

டேயின் கீழ் ஆராய்ச்சி பயின்ற இருவரைப் பற்றியே நம் கதை. மூத்தவர் டி. ஆர். சேஷாத்ரி. முசிறிக்கு எதிர்க்கரையில், காவிரியின் தென்புறமுள்ள குளித்தலையில், 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி, ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். 1917-இல் மாநிலக் கல்லூரியில் ரசாயன ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு ராமகிருஷ்ண மிஷனின் ஆதரவு கிடைத்தது. டேயிடம் கூமரின்களில் கைபழகிய பின், 1927-இல் இங்கிலாந்துக்குச் சென்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் சேர்ந்தார். பூக்களின் சிவப்பும் நீலமும் எந்தப் பொருளால் உண்டாகின்றன, அவற்றைக் கையால் எப்படி ஆக்குவது என்பவை ராபின்சனின் அக்காலத்து ஆராய்ச்சிகளில் சேர்ந்தவை; இயற்கைப் பொருள்களைப் பற்றிய பணிக்காக 1947-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மான்செஸ்டரை முடித்துக்கொண்ட சேஷாத்ரி, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஃபிரிட்ஸ் பிரெகல் என்பவரிடம் சில மாதங்கள் தங்கினார்.

பிரெகலிடம் அவர் கற்றுக்கொண்டது என்ன என்பதை விவரித்தாக வேண்டும். ஏழை நாட்டு ரசாயனிக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஒரு பொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அறிய, அதை ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கரியமில வாயுவையும் நீராவியையும் தனித்தனியே பிடித்து நிறுக்க வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு தடவைக்கும் சுமார் கால் கிராம் பொருள் சாம்பலாகும். தராசையும் குழாய்களையும் நுட்பமாக்கி, சில மில்லிகிராம் போதும் என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தவர் பிரெகல். 1923-இல் நோபல் பரிசு பெற்றார். கால் கிராம் ஒரு பெரிய அளவா என்று கேட்கலாம். ஒரு கூடைப் பூவை வாட்டி வடித்துக் கிடைப்பதே அரைக் கிராமாக இருக்கும்போது, கால் கிராமை எரித்துவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு வேறு எந்தப் பரிசோதனையைச் செய்வது?

1930-இல் தாயகம் திரும்பிய சேஷாத்ரி, கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்துக்கொண்டு சில காலம் கழித்தார். 1933-இல் வால்டேரிலுள்ள ஆந்திர சர்வகலாசாலை ரசாயனத் துறையை உருவாக்கி நடத்த அவரை அழைத்துக்கொண்டது. அங்கே, நீலகண்டம் முதலிய மாணாக்கர்களோடு அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள், விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்று: பருத்திப் பூ.

ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துப் பருத்திக் காட்டில் காலை நேரத்தில் நடந்தவர்களுக்கு அந்தப் பூவைத் தெரியும். வெளிர் மஞ்சளாக விரிகிறது. பொழுது சாயச் சாய ஓரங்களில் சிவப்பேறி, மறுநாள் இளஞ்சிவப்பாக வாடித் தொங்குகிறது. ஒரே செடியில் நேற்றைய பூ சிவப்பாகவும் இன்றைய பூ மஞ்சளாகவும் நிற்பதைப் பார்த்துக்கொண்டே களை பிடுங்கியவர்கள் பல்லாயிரம் பேர். மஞ்சளையும் சிவப்பையும் உண்டாக்கும் பொருள்கள் தாயாதிகள் என்பதை ரசாயனிதான் சொல்ல முடிந்தது: இரண்டிலும் கார்பன் அணுக்கள் பதினைந்து, ஆறணு வளையம் ஒன்று இந்தப் பக்கம், ஆறணு வளையம் ஒன்று அந்தப் பக்கம், நடுவில் இரண்டையும் பிணைக்கும் மூன்றணுப் பாலம். இந்தச் சட்டத்தில் எந்தெந்த மூலையில் ஹைட்ராக்சில் என்னும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி தொங்குகிறது என்பதைப் பொறுத்தே பெயரும் குணமும் மாறுகின்றன.

பூவிதழ்களை ஆல்கஹாலில் ஊறப்போட்டு, சாற்றை வற்றவைத்து, ஈய அசிட்டேட்டைச் சேர்ப்பார்கள். நிறப்பொருள் ஈயத்தோடு கைகோத்துக்கொண்டு அடியில் படியும். படிந்ததற்குள் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால், ஈயம் கறுத்துத் தனியே போக, நிறப்பொருள் விடுதலையாகும். அன்று ஆய்வுக்கூடமெங்கும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்து வகுப்பில் பௌதிகம் நடத்துகிறவர் ஜன்னலைச் சாத்துவார். வடிநீரைச் சில நாட்கள் அசையாமல் வைத்தால், பாத்திரத்தின் சுவரில் மஞ்சள் ஊசிகள் பூக்கத் தொடங்கும். இப்படிப் பருத்தி வகைகளின் பூக்களிலிருந்து குவெர்செட்டின், கோஸிப்பெட்டின், ஹெர்பாசெட்டின் என்னும் மஞ்சள்களை அவர்கள் இனம் பிரித்தார்கள். இவற்றுள் ஹெர்பாசெட்டினை, கோஸிப்பியம் ஹெர்பேசியம் என்ற பருத்தியின் பூவில் சர்க்கரையோடு பிணைந்த வடிவில் கண்டெடுத்து, அந்தச் செடியின் பெயரையே சூட்டியவர்கள் ஆந்திரக் குழுவினர்.

ஊசி கிடைத்தாயிற்று, அதன் அணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதை, அணுவைக் காட்டும் கருவி ஏதுமில்லாத காலத்தில், எப்படி அறிந்தார்கள்? முதலில் ஒவ்வொரு ஹைட்ராக்சிலுக்கும் மீதைல் என்ற ஒரு தொப்பியைப் போட்டுவிடுவார்கள். பிறகு காரத்தோடு காய்ச்சி மூலக்கூறை நடுவில் உடைப்பார்கள். உடைந்த துண்டுகள் சிறியவை, முன்பே அறிமுகமானவை. ஒரு துண்டு, மூன்றாவது நான்காவது இடங்களில் தொப்பி அணிந்த பென்சாயிக் அமிலமாகிய வெராட்ரிக் அமிலம் என்று தெரிந்தால், முழு மூலக்கூறின் ஒரு பக்க வளையத்தில் ஹைட்ராக்சில்கள் அந்த இரண்டு மூலைகளில்தான் இருந்திருக்க வேண்டும். மற்றத் துண்டும் அதேபோலத் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். குவெர்செட்டினில் ஹைட்ராக்சில் ஐந்து, கோஸிப்பெட்டினில் ஆறு, அந்த ஆறாவது எட்டாம் மூலையில் நிற்கிறது.

சாட்சி மட்டும் போதாது. வழக்கு முடிய வேண்டுமானால் அதே பொருளைத் தெரிந்த துண்டுகளிலிருந்து கையால் கட்டியெழுப்பி, பூவில் கிடைத்ததும் கையால் கட்டியதும் ஒன்றே என்று நிரூபிக்க வேண்டும். இதற்கு அவர்கள் கையாண்ட வித்தை, எனக்குத் தெரிந்தவரையில் ரசாயனத்தின் மிக அழகான எளிய வித்தை. இரண்டு பொருள்களையும் சமமாகக் கலந்து, ஒரு பக்கம் மூடிய மயிர்க்குழாயில் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியின் குமிழோடு சேர்த்துக் கட்டி, எண்ணெயில் மெல்லச் சூடேற்றுவார்கள். இரண்டும் ஒன்றேயானால், கலவை தனிப்பொருளின் அதே பாகையில், கண்ணாடியில் பனி விலகுவதுபோலச் சட்டென்று உருகும். வேறு வேறானால், ஒவ்வொன்றும் மற்றதன் கட்டுக்கோப்பைக் குலைப்பதால், பல பாகைகள் முன்பாகவே நைந்து, பிசுபிசுத்து, இழுத்து இழுத்து உருகும். வெப்பமானியைப் பார்த்தபடி பூதக்கண்ணாடியோடு குனிந்திருக்கும் மாணவனுக்கு, இரண்டு வருஷ உழைப்பின் தலைவிதி அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இதோடு நில்லாமல், செடி அந்த ஆறாவது ஹைட்ராக்சிலை எப்படிச் சேர்த்திருக்கும் என்றும் சேஷாத்ரி யோசித்தார். வளையம் முழுதும் உருவான பிறகு ஆக்சிஜனைப் புகுத்துகிறதா என்ற கேள்விக்கு விடை தேடி, காரக் கரைசலில் பெர்சல்பேட்டைக் கொண்டு எட்டாம் மூலையில் ஹைட்ராக்சிலைச் சேர்க்கும் முறையைத் தம் மாணவர்களோடு வளர்த்தெடுத்து, 'வளைய ஆக்சிஜனேற்றம்' என்ற தலைப்பில் 1947 முதல் கட்டுரைகள் வெளியிட்டார். நடுவில் யுத்தம் வந்து, வால்டேர்க் கட்டடங்களை ராணுவம் எடுத்துக்கொள்ள, சர்வகலாசாலை குண்டூருக்குப் பெயர்ந்தது. குப்பிகளும் மூட்டை முடிச்சுகளாக வண்டியேறின. 1949-இல் அவர் டில்லி சர்வகலாசாலைக்குப் போனார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் நூற்றைம்பதுக்கு மேல்.

டேயின் மற்றச் சிஷ்யர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, சேஷாத்ரிக்குப் பதினைந்து வயது இளையவர். டேயிடம் பட்டம் பெற்று, யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் ரோஜர் ஆடம்ஸ் என்னும் பெரியவரிடம் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு, ஆசான் அமர்ந்திருந்த மாநிலக் கல்லூரிக்கே திரும்பி வந்தார். வசதியான ஆய்வுக்கூடங்கள் அழைக்கும்போது, கூரை உயரமான, காற்றில் உப்பு மிதக்கும் அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்துக்கு ஒருவர் திரும்பி வந்தார் என்பதைப் பலகையில் எந்தப் பத்தியில் எழுதுவது? நஞ்சறுப்பான் கொடியிலிருந்து 1935-இல் ரத்தினகிரீஸ்வரன், வெங்கடாசலம் என்ற இருவர் பிரித்தெடுத்திருந்த டைலோஃபோரின் என்ற பொருளின் அமைப்பை அவருடைய குழு பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து நிலைநாட்டியது. ஆனால் நம் ஊர்க்காரனுக்கு நெருக்கமானது மற்றொரு வேலை.

என் அம்மாயி வீட்டுக் கொல்லையில், வாழைக்குப் பாயும் வாய்க்காலை ஒட்டி, இரண்டு விதமான கரிசலாங்கண்ணி, அதாவது கரிசாலை, இருந்தது. தானாக முளைத்துக் கிடப்பது வெள்ளைப் பூ. பதியம் வைத்துக் காப்பாற்றி வளர்ப்பது மஞ்சள் பூ. இலையைப் பறிக்க என்னை அனுப்பும்போதெல்லாம், "வெள்ளப்பூவு தலைக்கு, மஞ்சப்பூவு ஈரலுக்கு, மாத்திப் பறிச்சுப்போடாத கண்ணு" என்று எச்சரிப்பாள். வெள்ளைப்பூக் கரிசாலையைக் கசக்கினால், பச்சைச் சாறு கையில் சில நிமிஷங்களில் கறுத்துவிடும். வெள்ளைத் துணியை அந்தச் சாற்றில் நனைத்து உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துக் கண்மை பிடிப்பாள். தாவர சாஸ்திரத்தில் இவை இரண்டும் வேறு வேறு பேரினத்தவை: வெள்ளை, எக்லிப்டா, மஞ்சள், வெடேலியா. தமிழில் மட்டும் ஒரே பெயர், பூவின் நிறத்தை அடைமொழியாகக் கொண்டு.

கோவிந்தாச்சாரியும், நாகராஜன், பை ஆகியோரும் 1956-இல் வெளியிட்ட கட்டுரை, மஞ்சள் கரிசாலையின் இலையிலிருந்து எடுத்த ஒரு புதிய பொருளைப் பற்றியது. செடியின் பெயரால் அதற்கு வெடேலோலாக்டோன் என்று பேர். பச்சை சாயலடிக்கும் மஞ்சள் படிகம். கார்பன் 16, ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 7. முந்நூறு பாகைக்கு மேலே சூடேற்றினால், உருகுவதும் சிதைவதும் ஒன்றாக நடப்பதால், முன்சொன்ன மயிர்க்குழாய் வித்தைக்கு நேராக இசையாது. தொப்பி போட்டுச் சாதுவாக்கிய பிறகே ஒப்பிட முடியும். பெயரின் வாலில் லாக்டோன் இருப்பதை வாசகர் கவனித்திருப்பார். டேயின் பழைய பூட்டு அது. அவர்கள் கண்ட அமைப்பு என்னவென்றால், ஒரு கூமரின், தன் முதுகில் பென்சோஃபியூரான் என்ற மற்றொரு இரட்டை வளையத்தை ஒட்டிச் சுமந்துகொண்டிருப்பது; மொத்தம் நான்கு வளையங்கள், மூன்று ஹைட்ராக்சில், ஒரு மீத்தாக்ஸி. கூமரினைத் திறக்கவும் மூடவும் பழகிய ஒரு துறையின் கையில் இந்தச் செடி வந்து சேர்ந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பழகாத கை அதன்மேல் பட்டிருந்தால், பச்சைத் தார்க்குழம்பாகத் தொட்டியில் கொட்டப்பட்டிருக்கவும் கூடும்.

1963-இல் ஜெர்மானியரான வான்ஸ்லிக், கூமரினையும் கேட்டிகாலையும் ஆக்சிஜனேற்றத்தால் இணைக்கும் சுருக்கமான வழியில் வெடேலோலாக்டோனை ஆக்கிக் காட்டினார். சென்னையில் வரைந்த அமைப்பு பெர்லினிலும் நின்றது. அதைவிட எனக்கு உவப்பானது 1970-இல் நடந்தது. டில்லியில், ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வுக்கூடத்தை விடாத சேஷாத்ரி, பார்கவா, கிருஷ்ணசாமி என்ற இருவருடன், இம்முறை வெள்ளைப்பூக் கரிசாலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வெடேலோலாக்டோனின் மீதைல் நீங்கிய வடிவத்தையும் அதன் சர்க்கரைப் பிணைப்பையும் பிரித்தெடுத்தார். ஓர் ஆசானின் இரு சிஷ்யர்கள், ஒருவர் மஞ்சள் பூவிலிருந்தும் மற்றவர் வெள்ளைப் பூவிலிருந்தும் தோண்டிக்கொண்டு போய், பூமிக்கடியில் ஒரே சட்டகத்தில் வந்து முட்டினார்கள். பேரினம் வேறான இரண்டு செடிகளுக்கு ஒரே பெயரைச் சூட்டிய தமிழ், ரசாயனத்தில் அவ்வளவு தவறிவிடவில்லை என்பதும் தெரிந்தது. 1960-இல், ஒரே வருஷத்தில், சேஷாத்ரி லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகவும், கோவிந்தாச்சாரி பட்நாகர் பரிசு பெற்றவராகவும் ஆனார்கள் என்பது பலகைக்குரிய செய்தி. கரிசாலையில் சந்தித்தது பலகையில் ஏறாத செய்தி.

அம்மாயி சொன்ன ஈரல் சங்கதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1986-இல் மியூனிக்கில் வாக்னரும் அவருடைய சகாக்களும், நச்சூட்டப்பட்ட ஈரல் செல்களின்மேல் பரிசோதித்து, இரண்டு கரிசாலைகளின் ஈரல் காக்கும் குணத்துக்கு வெடேலோலாக்டோனும் அதன் மீதைல் நீங்கிய வடிவமுமே முக்கிய காரணம் என்று அறிவித்தார்கள். இதைக் கேட்டவுடன் மஞ்சள் காமாலைக்கு இலையை அரைத்து விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. காமாலை என்பது நோயின் பெயரன்று, அறிகுறியின் பெயர்; கிருமி, மது, பித்தக்கல், புற்றுநோய் எல்லாமே கண்ணை மஞ்சளாக்கும். கண்ணாடித் தட்டிலுள்ள செல்லுக்கு நிகழ்ந்தது, படுக்கையில் கிடக்கும் மனிதனுக்கும் நிகழ்கிறதா என்பது வேறொரு கேள்வி. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்குக்கூட, கையிலிருக்கும் பொருள் இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எந்த இலைப்பொடியில் எவ்வளவு வெடேலோலாக்டோன் இருக்கிறது, மஞ்சள் கரிசாலை என்று விற்கப்படும் பொட்டலத்தில் இருப்பது கரிசாலைதானா என்று இன்று அளந்து சொல்ல முடிகிறதென்றால், அளவுகோலைச் செய்து கொடுத்தது 1956-இன் அந்த வேலை.

கோவிந்தாச்சாரி 1963-இல் மாநிலக் கல்லூரியை விட்டு, பம்பாய் கோரேகாவில் ஸீபா கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். முதுமையில் சென்னை திரும்பி, வேப்பங்கொட்டையைக் கையில் எடுத்தார். பூச்சிகளை உண்ணவிடாமலும் வளரவிடாமலும் செய்யும் அசாடிராக்டினை, கீல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பட்டர்வொர்த்தும் மோர்கனும் 1968-இல் வேம்பிலிருந்து பிரித்தார்கள். சிக்கலான அதன் அமைப்பு 1985-இல்தான் தீர்ந்தது. செயற்கையில் அதை ஆக்கி முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 2007 வரை பிடித்தது. இந்த நீண்ட கதைக்கு நடுவே, 1992-இல், அசாடிராக்டினின் உடன்பிறப்புகள் இரண்டை, எச் என்றும் ஐ என்றும் பெயரிட்டு, கோவிந்தாச்சாரியின் குழு சென்னையிலிருந்து அறிவித்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஈய அசிட்டேட்டும் அழுகிய முட்டை நாற்றமும் போய், உயரழுத்தத்தில் திரவத்தை மெல்லிய குழாய்க்குள் செலுத்திப் பிரிக்கும் யந்திரம் வந்திருந்தது, அதையும் கற்றுக்கொண்டார்.

இன்று மீதைல் தொப்பியும் வெராட்ரிக் அமிலத்தின் சாட்சியமும் பெரும்பாலும் அவசியப்படுவதில்லை. காந்தப் புலத்தில் அணுக்கருக்களை ஒத்ததிரச் செய்யும் கருவி, சில மில்லிகிராமைக் கரைத்து வைத்தால், ஒவ்வொரு ஹைட்ரஜனும் எந்த மூலையில் நிற்கிறது என்பதைப் பொருளை உடைக்காமலே கோடுகளாக வரைந்து தந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கருவி கிடைக்காத கல்லூரிகளிலோ, இரண்டு விரற்கடை அகலமுள்ள, சிலிக்கா பூசிய தகடு ஒன்று இன்னும் காரியம் செய்கிறது. பரமத்தி வேலூர் வாய்க்கால் வரப்பில் பறித்து நிழலில் உலர்த்திய வெள்ளைப்பூக் கரிசாலையின் ஆல்கஹால் சாற்றை, மெல்லிய கண்ணாடிக் குழாயால் தொட்டு, தகட்டின் அடியில் ஒரு புள்ளியாக வைக்கிறாள் எம்.எஸ்ஸி. படிக்கும் பெண். பக்கத்தில் மஞ்சள்பூவின் சாறு ஒரு புள்ளி. அதற்கடுத்து, குப்பியில் வந்த தூய வெடேலோலாக்டோன் ஒரு புள்ளி. மூடிய கண்ணாடி ஜாடிக்குள், அடியில் ஊற்றியுள்ள கரைப்பான் தகட்டின்மேல் ஈரக்கோடாக ஏறுகிறது. பச்சையம் அதோடு ஓடுகிறது, சர்க்கரை அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கால் மணி கழித்துத் தகட்டை எடுத்து, காற்றில் ஆட்டி உலர்த்தி, இருட்டு அறையில் புறஊதா விளக்கின்கீழ் வைக்கிறாள். மூன்று புள்ளிகளின் நேர் மேலே, ஒரே உயரத்தில், ஒளிரும் மூன்று திட்டுகள். அவள் விளக்கை ஒருமுறை அணைத்து, மறுபடியும் போட்டுப் பார்க்கிறாள்.